செத்த வைரசும் என் கையெழுத்தும்

பதுளையில் ஒரு கால்நடை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் என்பதை அங்கே யாரிடமும் மறைத்ததில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா, மூடிய வாளியோடு வாசலில் வந்து நின்றார். கணுக்காலில் கட்டு. வாளிக்குள் நாயின் தலை.

தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா நாய் அவரைக் கடித்து, மறுநாளே செத்திருக்கிறது. தடுப்பூசி போட்ட நாய், விஷம் தின்று செத்தது என்று சொல்லிப் புதைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இவருக்கு ஊசியை ஆரம்பித்துவிட்டு, நாயின் தலையைச் சோதித்தால் நல்லது என்றிருக்கிறார்கள். துரையைக் கேட்டும் பயனில்லை. மூன்றாம் நாள் காலை மண்வெட்டியோடு தானே பங்களாவுக்குப் போய்விட்டார்.

“காவக்காரரு தடுத்தாரு மிஸ். கடிச்சது என்னைய, பாதி நாய் எனக்குத்தான்னு சொல்லிட்டேன்.”

தலை அழுகியிருந்தது. எங்கள் பொறுப்பதிகாரி பார்த்ததுமே எறிந்துவிடச் சொன்னார். ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மூளையில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி, சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் வைத்தேன். இருட்டில் பச்சைப் புள்ளிகள் மின்னின. விசர்நோய், அதாவது ரேபிஸ் வைரசின் அன்டிஜன். கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புரண்ட அதே சொல்தான். வைரசின் உடம்பில் இருக்கும் புரதம். இன்னொரு தகட்டிலும் அதே பச்சை. ஊசியை நிறுத்திவிடாதீங்க என்று அன்றைக்கே அந்த அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

அடுத்ததாக, அதே மூளையை அரைத்து உயிருள்ள கலங்களின், அதாவது செல்களின், மேல் விட்டு, வைரஸ் பெருகுகிறதா என்று பார்த்தோம். நாலு நாளாகியும் ஒன்றும் வளரவில்லை. திரும்பவும் செய்தேன். அப்போதும் இல்லை.

அதற்குள் துரை எங்கள் அதிகாரியிடம் பேசியிருந்தார். ‘வைரஸ் இல்லை’ என்று ஓர் அறிக்கை என் மேசைக்கு வந்தது. கீழே நான் கையெழுத்திட இடம் விட்டிருந்தது. அந்தக் காகிதம் ஆஸ்பத்திரிக்குப் போனால் மிச்ச ஊசிகளை நிறுத்திவிடுவார்கள்.

அதை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனேன். மண்ணுக்குள்ளும் கொண்டுவந்த பஸ்ஸின் சூட்டிலும் கிடந்ததில் வைரஸ் செத்திருக்கும், புரதம்தான் அழியாமல் கிடக்கிறது என்றேன். நாய்க்குப் போட்ட தடுப்பூசி மூளையில் இப்படிப் பச்சை காட்டாது என்றும் சொன்னேன். அழுகிய தலையை நம்பித் துரையின் நாய்க்கு விசர் என்று எழுத முடியுமா, உனக்கேன் இந்த வம்பு என்று சிங்களத்தில், பொறுமையாகவே கேட்டார்.

நான் தமிழிலேயே பதில் சொன்னேன். அவருக்குப் புரியும்.

“ரெண்டையும் எழுதுங்க சேர். அன்டிஜன் இருக்கு, உயிருள்ள வைரஸ் கிடைக்கல. ஒண்ணை மட்டும் எழுதினா நான் கையெழுத்து வைக்க மாட்டேன்.”

தகட்டை அவரையே பார்க்க வைத்தேன். இரண்டாவது தகட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு இரண்டையும் எழுதி, விசர்நோயாகவே கருத வேண்டும் என்று மூன்றாவதாக ஒரு வரியும் சேர்த்தார். நான் கையெழுத்து வைத்தேன்.

அந்த அக்காவுக்கு எல்லா ஊசியும் போட்டார்கள். துரை மேலிடத்துக்கு முறைப்பாடு எழுத, என்னைப் பால் சோதிக்கும் மேசைக்கு மாற்றினார்கள். காரணத்தை எழுத்தில் கேட்டேன், இன்றுவரை வரவில்லை. ஊசி இல்லாமலே அவர் பிழைத்திருக்கலாமே என்று கூட வேலை செய்யும் ஒருவர் சொன்னார். இருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு பெண்ணின் உயிரைப் பணயம் வைக்க நான் தயாராயில்லை.

போன மாதம் பதுளை பஸ் நிலையத்தில் அந்த அக்காவைக் கண்டேன். பக்கத்துக் கடையில் உட்கார்ந்து வடையோடு பிளேன்டீ குடித்தோம். பங்களாவுக்குள் அத்துமீறி நுழைந்ததற்கு மன்னிப்புக் கடிதம் கேட்டார்களாம்.

“குடுத்தீங்களா?” என்றேன்.

“எதுக்கு?” என்று கேட்டுவிட்டு, இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார்.