பாதி வெயில், பாதி டிரையர்

காசு போட்டுத் துணி துவைக்கிற டோபிக் கடைக்கு வருகிறவர்கள் யாரும் அழுக்கைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. எல்லாருடைய கவலையும் ஈரத்தைப் பற்றித்தான்.

துவைக்கும் இயந்திரத்தில் காசு போடும்போது முகம் மாறாதவர்கள்கூட, காய வைக்கிற டிரையர் முன்னால் வந்ததும் பையைத் துழாவிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார்கள். நீங்களும் அப்படி நின்றவர்தான். காலையில் வானத்தை நம்பித் துணியை வெளியே போட்டுவிட்டு, மத்தியானம் வேலையிடத்துச் சன்னல் வழியே மழையைப் பார்த்து மனம் நொந்தவர்தானே? நம் எல்லாருக்கும் ஒரே வியாதி. வாங்க, உட்காருங்க.

நான் வேலை பார்க்கும் கடை, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. பழைய கடைவீடு. கீழே இயந்திரங்கள், மேலே காலி மாடி. காலையில் கதவைத் திறந்தால் ஒரு பக்கம் நாசி கண்டார் சோற்றுக் கடையின் குழம்பு வாசம் வரும், இன்னொரு பக்கம் துறைமுகத்து உப்புக் காற்று வரும். டிரையர்கள் ஓட ஆரம்பித்ததும் கடை முழுக்க ஒரு வெதுவெதுப்பு பரவும். அதில் உட்கார்ந்தால் கண் திறந்திருக்கும், மனசு மட்டும் எங்கேயோ மிதந்துகொண்டிருக்கும்.

சிவகாமி அக்காவின் போர்வை

சிவகாமி அக்கா வீட்டில் ஒரு பழைய துவைக்கும் இயந்திரம் உண்டு. அதனால் எங்களிடம் காய வைக்க மட்டும் வருவார். பையைத் தரையில் வைத்தால் போதும், அதிலிருந்து தண்ணீர் கிளம்பி வாசல்வரை போய்விடும். அவருடைய போர்வை டிரையருக்குள் தொப் தொப்பென்று விழுந்துகொண்டே இருக்கும். நின்றதும் கதவைத் திறந்து தொட்டுப் பார்ப்பார். ஈரம். மறுபடியும் காசு. மறுபடியும் ஈரம். “உங்க மெஷின்ல சூடே இல்லை லா” என்று என்னைத்தான் திட்டுவார்.

ஒருநாள் நான் அந்தப் போர்வையை வாங்கி, துவைக்கிற இயந்திரத்தில் போட்டுப் பிழிய மட்டும் விட்டேன். குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டிய சத்தத்தில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதன்பிறகு டிரையரில் போட்டோம். அக்கா எதிர்க்கடையில் வாங்கி வந்த தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதற்குள் போர்வை காய்ந்து பஞ்சாகிவிட்டது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்தச் சூட்டில் கண்ணை மூடி நின்றார். பிறகு திடீரென்று கண்ணைத் திறந்து கேட்டார்: “அப்ப இத்தனை வருசமா நான் துணியைக் காய வைக்கலை, தண்ணியைச் சுட வச்சுக்கிட்டு இருந்திருக்கேன், அப்படித்தானே?”

ராஜரத்தினம் ஐயாவின் கடல்

ராஜரத்தினம் ஐயா ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்த குடும்பம். பேச்சு மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. அவர் வெள்ளைச் சட்டைகளையும் தடித்த துவாலைகளையும் ஒன்றாகப் போடுவார். சட்டை சீக்கிரம் காய்ந்துவிடும். துவாலை காயும்வரை அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். “சட்டையைப் பாதியிலேயே எடுத்திடுங்க ஐயா. துவாலையைத் தனியாப் போடுங்க, செலவு குறையும்” என்றேன். தலையாட்டினார். ஒரு வாரம் அப்படியே செய்தார். செலவும் குறைந்தது. அடுத்த வாரம் எல்லாவற்றையும் பழையபடி ஒன்றாகப் போட்டுவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு எதிரே நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

“ஏன் ஐயா?” என்றேன். சட்டைகள் எழும்பி எழும்பி விழுவதைப் பார்த்தால் அவருக்குக் கடல் தெரியுமாம். பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவாராம். தூக்கத்தில் ஒரு கப்பல் வருமாம், அதில் அவருக்குச் சன்னலோரத்தில் இடம் இருக்குமாம். பாதியில் கதவைத் திறந்தால் கப்பல் நின்றுவிடுகிறதே, என்ன செய்வது? அவர் சொல்லி முடிப்பதற்குள் டிரையர் நின்றது. நான் துணியை எடுக்கக் கையை நீட்டினேன். அவர் சட்டைப்பையில் இன்னொரு காசைத் தேடிக்கொண்டே சொன்னார்: “பொறு பிள்ளை. துணி காய்ஞ்சிட்டுது, கனவுதான் இன்னும் காயேல்லை.”

தேவியின் சின்னப் பை

தேவி வந்தது அடைமழைக் காலத்தில். தோளில் ஒரு கைக்குழந்தை, கையில் ஒரு சின்னப் பை. கணவன் பிரபுவுக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. அடுக்குமாடி வீடு. முன்பெல்லாம் சன்னலுக்கு வெளியே கழியை நீட்டித் துணி போடுவார்களாம். யாருடைய கழியோ கார் நிறுத்தும் இடத்தில் விழுந்த பிறகு, இனி யாரும் வெளியே கழி நீட்டக் கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அதனால் படுக்கையறையிலேயே கயிறு கட்டினார்கள். ஈரத்தில் சுவர் பூஞ்சை பூத்துப்போனது. குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. குழந்தை தூங்குகிற அறையில் ஈரத்துணி போடவே கூடாது என்று கிளினிக் டாக்டர் கண்டித்துவிட்டார். ஆகவே தினமும் எங்களிடம் வந்தாள். அவ்வளவு பெரிய டிரையருக்குள் நாலைந்து குட்டிச் சட்டைகள் வண்ணத்துப்பூச்சிபோலப் பறக்கும். காசு மட்டும் முழுக் காசு. “இப்படியே போனா பால்மாவுலதான் கை வைக்கணும் அக்கா” என்று சிரித்தாள். சிரிக்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

பக்கத்து டிரையரில் சிவகாமி அக்கா இரண்டு சேலையைப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இடம் நிறைய இருந்தது. “ரெண்டு பேரும் சேர்ந்து போட்டா ஆளுக்குப் பாதிதானே” என்றேன். அக்காவின் முகம் சுருங்கியது. “கோயிலுக்குக் கட்டுற சேலை லா. யார் வீட்டுத் துணியோ என்னமோ...” மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் தேவியின் காதில் விழுந்துவிட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

அப்போது குழந்தை இருமியது. சின்ன இருமல்தான், இத்தனை இயந்திரங்களுக்கு நடுவிலும் கேட்டது. அதற்குப் பின்னால் மூச்சு விசில்போல இழுத்தது. சிவகாமி அக்கா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு டிரையர் கதவைத் தானே திறந்து பிடித்தார்: “என்ன அங்க நின்னுக்கிட்டு? கொண்டா அந்தப் பையை. பச்சப்புள்ள துணிக்கு ஏது லா தீட்டு!”

மாடியில் ஒரு துண்டு வானம்

பாதிச் செலவும் தேவிக்குப் பாரம்தான். எங்கள் கடையின் நடுவில், மாடியையும் தாண்டி மேலே கூரையில்லாமல் திறந்த இடம் ஒன்று உண்டு. பழைய கடைவீடுகளில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விடுவார்களே, அதுதான். காலையில் மழை இல்லாத நேரம் வெயில் அதற்குள் இறங்கும். முன்வாசல் காற்று உள்ளே நுழைந்து அதன் வழியாக மேலே போகும். நான் மாடித் தூண்களுக்கு இடையே கயிறு கட்டினேன். முதலில் தேவியின் துணி. அப்புறம் அக்காவின் சேலை. அதைப் பார்த்து ராஜரத்தினம் ஐயாவும் துவாலைகளை மட்டும் மேலே அனுப்பினார், சட்டைகளைத் தரவில்லை.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் நடுவில் ஒரு துண்டு வானம், அதைச் சுற்றி நிறம் நிறமாகத் துணிகள். பள்ளிவாசலிலிருந்து பாங்கு சத்தம் வரும்போது காற்று ஒரு கணம் நிற்கும். துணிகளும் நின்று கேட்பதுபோல இருக்கும். மறுபடி காற்று வந்ததும் குழந்தைச் சட்டைகள் கைகளை வீசும். எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது, பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. என் முதலாளி. தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். வயதான சீனர், அதிகம் பேசமாட்டார். காலியாக நின்ற டிரையர்களைப் பார்த்தார். மேலே பார்த்தார். மலாயில் அமைதியாகக் கேட்டார்: “நீ எனக்கு வேலை செய்யிறியா, சூரியனுக்கு வேலை செய்யிறியா?”

மழை

வாரக் கடைசிக்குள் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும் என்று தவுக்கே சொல்லிவிட்டார். வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம். தேவியிடம் சொன்னேன். “பரவாயில்லைக்கா, நீங்க எவ்வளவோ செஞ்சிட்டீங்க” என்றாள். அதற்குப் பதில் அவள் என்னைத் திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

கயிற்றை அவிழ்த்துவிட்டேனா என்று பார்க்கத் தவுக்கே வந்த அன்று, கடைசியாக ஒரு தடவை குழந்தைத் துணியைக் காயப் போட்டிருந்தேன். அவர் நேரே மாடிக்குப் போனார். கீழே, கடை முன்பக்கத்தில் ஓர் இயந்திரம் நுரையைக் கக்கியதால் நான் துடைத்துக்கொண்டிருந்தேன். சட்டென்று கடை இருண்டது. மழை அந்தத் திறந்த இடத்தின் வழியே கயிறு கயிறாக இறங்கியது. மேலே அவர் போடும் சத்தம் கேட்டு ஓடினேன். தோளில் குட்டிச் சட்டைகள், கழுத்தைச் சுற்றி ஓர் அணையாடை, சட்டைப்பையில் இரண்டு காலுறை. முதுகை மழைக்குக் கொடுத்து முழுக்க நனைந்து, ஒன்றையும் கீழே விடாமல் அள்ளிக்கொண்டு நின்றார் தவுக்கே.

கீழே வந்து டிரையரில் போட்டு அவரே காசு போட்டார். ஏற்கெனவே முக்கால்வாசி காய்ந்த துணி, லேசாகத்தான் நனைந்திருந்தது. சீக்கிரமே சூடாக வெளியே வந்தது. ஒரு காலுறையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். தேவியின் குழந்தைக்கு என்ன என்று அன்றைக்குத்தான் கேட்டார். நான் சொன்னேன். வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது. தன் ஈரச் சட்டையைப் பிழிந்தபடி கடைசியில் சொன்னார்: “மேல மழை வராம வெயில் மட்டும் இறங்குற கண்ணாடித் தகடு போடச் சொல்றேன். பாதி வெயில்ல காயட்டும். மீதி என் டிரையர்லதான், சரியா?”

பிரபுவின் கவலை

தகடு போட்டார்கள். துவைக்க வருகிறவர்களின் எண்ணிக்கை கூடியது. ஆளுக்கு டிரையர் ஓடும் நேரம் குறைந்தது. தவுக்கே முணுமுணுத்தாலும் கயிற்றை அவிழ்க்கச் சொல்லவில்லை. தேவியின் படுக்கையறையில் இப்போது ஈரத்துணி கிடையாது. ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் முதல்முறையாகப் பிரபுவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் துணிப் பையே இல்லை, குழந்தை மட்டும். பிரபு ராஜரத்தினம் ஐயாவின் பக்கத்தில், ஓடுகிற டிரையருக்கு எதிரே உட்கார்ந்தான். குழந்தை கண்ணாடிக்குள் சுற்றும் வெள்ளைச் சட்டைகளைப் பார்த்தது. கண் சொக்கியது. தூங்கிவிட்டது. நான் குனிந்து அதன் மார்பருகே காதை வைத்தேன். விசில் இல்லை. வெறும் மூச்சு, காற்றில் ஆடும் துணிபோல. தேவி வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டிரையர் நின்றதும் குழந்தை சிணுங்கியது. ராஜரத்தினம் ஐயா உடனே காசைப் போட்டுவிட்டார். மறுபடி ஓடியது, மறுபடி தூக்கம். பிரபு அசையாமல் உட்கார்ந்தபடி என்னிடம் கிசுகிசுத்தான்: “வீட்ல ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டு இருக்குது அக்கா, இங்க வந்தா தூங்குது. இனிமே துணி காஞ்சாலும் இவன் தூங்குறதுக்கு நாங்க காசு போடணும் போல லா!”

ஊருக்கெல்லாம் துணி காய வைக்கும் செலவைக் குறைத்துக் கொடுத்த நான், நாளைக்குப் போட வேண்டிய சொந்தச் சட்டையை மட்டும் கடைக்கு எடுத்துப்போக மறந்துவிட்டு, மழை நாளில் வீட்டு மின்விசிறிக்குக் கீழே விரித்துப் பிடித்துக்கொண்டு, கை வலிக்க வலிக்க நிற்கிறேன்.