படுக்கைப் பைக்குள் வைத்த இறைச்சி

மகள் மூஸ் என்னும் பெரிய மான் வேட்டைக்குப் போகப் போகிறாள் என்பது முதலில் என் மனைவிக்குத்தான் தெரிந்தது. எனக்குத் தெரியவந்தபோது துவக்குச் சுடும் பயிற்சி முடிந்து, அனுமதிப்பத்திரம் கிடைத்து, நாளும் குறித்தாகிவிட்டது. எங்கள் வீட்டில் கலவரப்படுத்தும் செய்திகள் எல்லாம் இந்த வரிசையில்தான் என்னிடம் வந்து சேரும். நான் பயந்த ஆள். அதை மறைத்து இதை எழுத முடியாது.

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. கனடாவில், மொன்றியலுக்குப் பக்கத்தில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படித்தவள். அங்கே கூடப் படித்த ஒரு பெண்ணும் அவளுடைய கணவனும் லொங்குய்யில் இருந்தார்கள். இருவரும் கியூபெக்காரர், சிறு வயதிலிருந்தே வேட்டைக்குப் போகிறவர்கள். ஒக்டோபரில் மூன்று பேருமாக வடக்கே எட்டு மணித்தியாலம் காரில் போய், பிறகு ஓர் ஏரியை வள்ளத்தில் கடந்து, ஐந்து நாள் கூடாரத்தில் தங்குவதாகத் திட்டம்.

துவக்கு லொங்குய்யில் அவர்களுடைய வீட்டில், பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. மொன்றியலில் எங்கள் லாசால் வீட்டுக்குள் அது ஒருநாளும் வரவில்லை. ஆனாலும் அந்த வாரம் முழுக்க அது வரவேற்பறை மூலையில் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதுபோல எனக்கு இருந்தது. பிள்ளை பையைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டது என்ற வசனத்தை என் வயது யாழ்ப்பாணத்தார் இயக்கத்தில் சேர்ந்துவிட்டது என்ற அர்த்தத்தில் கேட்டு வளர்ந்தவர்கள். என் வகுப்பில் இரண்டு கதிரைகள் அப்படித்தான் காலியாகின. மகளுக்கு இது தெரியும். அதனால்தான் என்னிடம் பேசும்போது சொற்களை அளந்து பேசினாள்.

சாமான் கட்டுவது எங்கள் வீட்டில் நடந்தது. லொங்குய் வீடு சிறியது, எங்கள் வரவேற்பறை பெரியது. புதன்கிழமை நான் வேலையால் வீட்டுக்கு வந்தபோது நிலத்தில் கால் வைக்க இடமில்லை. கயிறு, கப்பி, கோடரி, தண்ணீர் வடிகட்டி, செம்மஞ்சள் மேலங்கி, இறைச்சியைச் சுற்றிக் கொண்டுவர வெள்ளைத் துணிப் பைகள். நடுவில் ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாய். அதன் மூடியை இரும்பு வளையம் போட்டு இறுக்கிப் பூட்டலாம்.

"இது என்னத்துக்குப் பிள்ளை?"

"சாப்பாட்டுக்கு. எல்லாச் சாப்பாடும் இதுக்குள்ளதான்."

"பையில வைச்சா என்ன?"

அவள் தாயை ஒருதரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "வள்ளம் பிரண்டாலும் நனையாது அப்பா."

நான் அடுத்த இரண்டு மணித்தியாலமும் வள்ளம் பிரள்வதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பார்வையைப் பற்றி யோசிக்கவில்லை.

அவள் கட்டிய சாப்பாட்டைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. சோற்றையும் பருப்பையும் அவித்து, இயந்திரத்தில் காயவைத்து, ஒரு நாளுக்கு ஒரு பை என்று நிறுத்துக் கட்டியிருந்தாள். மணல்போல இருந்தது. ஓட்ஸ், கச்சான் கடலை, சீஸ், உலர்ந்த முந்திரிகைப் பழம். உறைப்பாக ஒன்றுகூட இல்லை.

"ஒரு கிலோ ஆட்டிறைச்சி பிரட்டித் தாறன். நல்லா வறுத்தா ஒரு கிழமைக்குக் கிடக்கும்."

"வேண்டாம் அப்பா. பாரம்."

"நாலு பேருக்கு வைச்சுத் தின்னலாம்."

"மூண்டு பேர்தான் போறம். கலியாண வீட்டுக்கும் இல்லை."

"குளிருக்க உறைப்பில்லாம எப்பிடிப் பிள்ளை?"

மனைவி குசினியில் சமைத்துக்கொண்டே குரல் கொடுத்தாள்: "பிள்ளை துவக்கோட போகுது, இந்த மனுசன் மிளகாய்த்தூளுக்கு அழுகுது!"

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாரம்தான் காரணம் என்று நம்பினேன். கொஞ்சம் வெட்கமும் இருக்கலாம், அந்த இருவருக்கும் முன்னால் எங்கள் சாப்பாட்டைத் திறக்க. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இடியப்பம் கொண்டுபோக மாட்டேன் என்று அழுத காலம் எனக்கு நினைவிருந்தது.

வியாழக்கிழமை லீவு எடுத்தேன். மனைவியும் மகளும் வேலைக்குப் போனபின் இறைச்சியைச் சிறிதாக வெட்டி, தண்ணீர் முழுக்க வற்றும்வரை வறுத்தேன். நான் உணவு பொதி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். பையில் காற்றுப் போகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. மூன்று சுற்று அலுமினியத் தாள், அதற்கு மேல் தடித்த பிளாஸ்டிக் பை, சூடு வைத்து ஒட்டினேன். தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

ஒட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். பல்கனியில் பாபிகியூ அடுப்புக்கு வாங்கி வைத்திருந்த கரியில் ஒரு துண்டை எடுத்துக் கழுவித் துடைத்து, தாளுக்குள் இறைச்சியோடு வைத்தேன். பொரித்த இறைச்சியை வெளியே கொண்டுபோனால் மணத்துக்குப் பின்னால் ஏதாவது வரும் என்று எங்கள் ஆட்கள் கரியோ ஆணியோ வைத்துத்தான் அனுப்புவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவேன். ஆனால் மொன்றியலில் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடக் கரி வைக்காமல் கோழிப் பொரியல் யார் வீட்டுக்கும் கொண்டுபோனதில்லை.

பீப்பாய்க்குள் வைத்தால் கண்டுவிடுவாள். அவளுடைய படுக்கைப் பை சுருட்டி அதன் உறைக்குள் இருந்தது. அதை விரித்து, அடியில், கால் வைக்கும் இடத்தில், நான் அவளுக்கு வாங்கி வைத்திருந்த தடித்த கம்பளி மேஸ், அந்தக் காலுறைச் சோடிக்குள் பொதியைத் திணித்து வைத்துவிட்டு, மறுபடி சுருட்டினேன். மாலையில் அவளிடம், "படுக்கைக்கு அடியில மேஸ் வைச்சிருக்கிறன். குளிர் கூடினா எடுத்துப் போடு" என்று மட்டும் சொன்னேன்.

"தாங்ஸ் அப்பா" என்று என் தோளில் தட்டினாள்.

வெள்ளி விடியப் போனார்கள். அவளிடம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும், கைக்குள் அடங்கும் ஒரு செய்மதிக் கருவி இருந்தது. அங்கே போன் எடுக்காது. மாலை ஆறு மணிக்கு ஒருமுறை அதைத் திறந்து 'எல்லாம் சரி' என்று அனுப்புவாள், நாங்கள் அனுப்புவதும் அப்போதுதான் அவளுக்குக் கிடைக்கும். வெள்ளி ஆறு மணிக்கு 'எல்லாம் சரி'. சனி ஆறு மணிக்கும் 'எல்லாம் சரி'.

ஞாயிறு மத்தியானம் நானும் மனைவியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு மனம் லேசாக இருந்தது.

"இப்ப கண்டுபிடிச்சிருப்பாள்" என்றேன்.

"எதை?"

"இறைச்சியை. மேஸுக்குள்ள வைச்சு, படுக்கைப் பைக்குள்ள வைச்சனான்."

மனைவி கையைச் சாப்பாட்டுக் கோப்பையிலேயே வைத்திருந்தாள். பிசைந்த சோறு விரல்களில் இருந்தது.

"என்ன செய்தனீங்கள்?"

"ஒரு கிலோதான். அவ்வளவு பாரமில்லை."

"அங்கை கரடியப்பா!" என்றாள். "அங்கை கரடி இருக்குது. அதுக்குத்தான் பீப்பா. சாப்பாட்டை ராவில கூடாரத்துக்குத் தள்ளி மரத்தில கட்டித் தூக்குறவை. பற்பசைகூடப் பக்கத்தில வைக்காயினம். நீங்கள் பிள்ளையின்ர காலடியில..."

"நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் அவளைப் போக விட்டிருப்பீங்களோ?"

எழும்பிக் கை கழுவப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நின்றேன்.

செய்தி எழுதினேன். 'படுக்கைப் பைக்குள், மேஸுக்குள் இறைச்சி இருக்கிறது. உடனே தூர எறி. அப்பா.' அனுப்பினேன். இன்னும் கிடைக்கவில்லை என்று போன் காட்டியது. மணி ஒன்றேகால். ஆறு மணிவரை அது அப்படித்தான் காட்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு நிமிடமும் பார்த்தேன்.

வேட்டை அனுமதி கொடுத்த அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மூடியிருப்பதாக ஒரு குரல் பிரெஞ்சில் சொன்னது. அவசர இலக்கத்துக்கு எடுக்கலாமா என்று மனைவியைக் கேட்டேன். என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. என் மகள் நலமாக இருக்கிறாள், ஆனால் நான் அவளுக்கு ஆட்டிறைச்சி கொடுத்துவிட்டேன் என்றா?

கரடியின் மூக்கைப் பற்றி இணையத்தில் வாசிக்கத் தொடங்கினேன். மனைவி போனைப் பறித்து மேசையில் குப்புற வைத்தாள். வெளியே நல்ல வெயில். ஒக்டோபருக்கு அது அதிகச் சூடு. கீழ் வீட்டுப் பிள்ளைகள் கைநீளம் இல்லாத சட்டையோடு சைக்கிள் ஓடினார்கள். குளிர் கூடினால் மேஸை எடுத்துப் போடு என்று நான் சொல்லியிருந்தேன். குளிர் கூடவில்லை. அவள் மேஸைத் தொட்டிருக்க மாட்டாள். இரண்டு இரவு அதன் மேல் காலை வைத்துப் படுத்திருக்கிறாள்.

ஆறு மணி ஆனது. ஆறு ஐந்து. ஆறரை. அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. என் செய்தியும் போய்ச் சேரவில்லை. ஏழு மணிக்கு மனைவி விளக்குப் போட்டாள். அதற்குப் பிறகு விடியும்வரை இருவரும் படுக்கப் போகவில்லை. அந்த மணித்தியாலங்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

திங்கள் காலை பதினொரு மணிக்குப் போன் அடித்தது. என் போன் இல்லை, மனைவியுடையது. "ஓம்... ஓம் பிள்ளை... ஓம்" என்று மட்டும் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு நிலத்திலேயே இருந்துவிட்டாள்.

அன்று மாலை மகள் வந்தாள். படுக்கைப் பையை ஒரு கறுப்புக் குப்பைப் பைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். கேட்காமலே அதை விரித்துக் காட்டினாள். கால் வைக்கும் பக்கத்தையே காணவில்லை. அங்கிருந்து மேலே, இடுப்பு வரும் இடம்வரை, நாலு கோடாகக் கிழிந்து பஞ்சு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதில் காய்ந்த எச்சில் நாறியது.

நடந்ததைக் குசினி மேசையில் இருந்து சொன்னாள். சனி இரவு கூடாரச் சீலைக்கு வெளியே ஏதோ மூச்சு விட்டது. அவளுடைய கால் பக்கமாக. மூன்று பேரும் கத்தி, சட்டியில் தட்டியதும் போய்விட்டது. ஞாயிறு காலை கூடாரத்தில் யார் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று சண்டை.

"காலில ஏதோ தட்டுப்பட்டதுதான். நீங்கள் வைச்ச மேஸ் எண்டு நினைச்சன். என்ர பையை உதறச் சொல்லிச்சினம். அப்பாவும் நானும்தான் கட்டினது, அதுக்குள்ள ஒண்டுமில்லை எண்டு சத்தியம் பண்ணினன். நீதான் சொக்கலேற் ஒளிச்சு வைச்சிருக்கிறாய் எண்டு அவளை ஏசினன். அவள் அழுதவள் அப்பா."

அந்தச் சண்டையில் செய்மதிக் கருவியைக் கூடாரத்துக்குள் விட்டுவிட்டு வள்ளத்தில் போயிருக்கிறார்கள். பின்னேரம் திரும்பியபோது கூடாரம் கிழிந்து கிடந்தது. கரடி அவளுடைய பையை வெளியே இழுத்துப் போட்டு, அதன் மேலேயே நின்றது. சிநேகிதியின் கணவன் மேலே பார்த்து ஒருமுறை சுட்டான். அது ஓடவில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, மெல்ல நடந்து போனது. கருவி நொறுங்கிக் கிடந்தது. அலுமினியத் தாள் வழித்து நக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு கரித்துண்டு.

"அதைப் பாத்தாப் பிறகு எனக்கு வேற ஒண்டும் பாக்கத் தேவையில்லாமப் போச்சு" என்றாள். "அவைக்குச் சொன்னன். ஏன் கரி எண்டு கேட்டினம். வாசத்துக்குப் பின்னால எதுவும் வராம இருக்க எண்டு சொன்னன்."

"சிரிச்சினமோ?"

"இல்லை."

இருட்டமுன் ஏரியைக் கடந்து, காருக்குள் இருந்தபடியே இரவைக் கழித்திருக்கிறார்கள். வேட்டையை அதோடு விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

"நீ கரடி எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா..." என்று தொடங்கினேன்.

"ஓம் அப்பா. பிழைதான்" என்றாள். குரலில் கோபம் இல்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்கள் பயப்பிடுவீங்கள் எண்டு நினைச்சு நான் சொல்லேல்லை. நான் வெக்கப்படுறன் எண்டு நினைச்சுத்தானே நீங்கள் ஒளிச்சு வைச்சனீங்கள். சரி. விடுங்கோ."

அவள் விட்டுவிட்டாள். நான் அடுத்த சனிக்கிழமை மெற்றோ எடுத்து லொங்குய்க்குப் போய், அந்தப் பெண்ணிடம் என் அரைகுறைப் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோப்பி தந்தாள். நான் சொற்களைத் தேடி முடிக்கும்வரை அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். நல்ல பிள்ளை.

இது நடந்து இரண்டு வருடம். மகள் இப்போது தனி வீட்டில் இருக்கிறாள். வாரம் ஒருமுறை வருவாள், சாப்பிடுவாள், வேலை பற்றிக் கதைப்பாள். வேட்டையைப் பற்றிக் கதைப்பதில்லை. போன வருடம் மார்கழியில் எங்கள் குளிர்பெட்டியில் வெள்ளைத் தாளில் சுற்றிய இறைச்சி இருந்தது. கருஞ்சிவப்பு, ஆட்டிறைச்சியைவிடக் கடினமான நார். எங்கே வாங்கியது என்று நான் கேட்கவில்லை. மனைவி அதைக் கறியாக்கினாள், நான் சாப்பிட்டேன்.

இந்த ஒக்டோபரில் மூன்று நாளாக மகளுக்கு எடுத்தால் போன் அடிக்காமலே குரல்பெட்டிக்குப் போகிறது. இன்று காலை வெளியே பனி உறைந்து கிடந்தது. மனைவி யன்னலோரம் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைக்கு வேலை கூடவோ?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

"எப்ப வருவாளாம்?"

"ஞாயிறு."

இன்னும் ஒரு கேள்வி கேட்டால், பிள்ளை எந்தக் காட்டில் என்று மனைவி சொல்லிவிடுவாள். நேரே கேட்டால் அவளால் மறைக்க முடியாது, எனக்குத் தெரியும். சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன். எதையாவது செய்வேன். வாயை மூடிக்கொண்டு வேலைக்கு வெளிக்கிட்டேன்.