கைப்பையில் எட்டு மாதம்

அறிவுமதிக்கு உறவுக்காரர்கள் மத்தியில் ‘பாதி டாக்டர்’ என்று பெயர். விலங்கியல் படித்துவிட்டு, தில்லைநகரில் ஓர் அலுவலகத்தில் பதினோரு வருடமாக மெடிக்கல் கோடிங் பார்க்கிறாள். அமெரிக்காவில் யாருக்கோ மூச்சு முட்டினால், அங்கே டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து அந்த நோய்க்கு உரிய ‘கோடு’ என்கிற குறியீட்டைப் போடுவது அவள் வேலை. ஒரு நோயாளியின் கையைக்கூடப் பிடித்துப் பார்த்ததில்லை. ஆனாலும் ஜீயபுரத்திலிருந்து பெரியப்பா தன் சுகர் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அவள் வீட்டுக்கு பஸ் ஏறி வந்துவிடுவார். அவளும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு தோரணையோடு படித்துச் சொல்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

கோடிங்கில் ஒரு சட்டம் உண்டு. டாக்டர் எழுதாதது எதுவும் நடக்கவே இல்லை என்று கொள்ள வேண்டும். வெளிநோயாளி சீட்டில் டாக்டர் கேள்விக்குறி போட்டு எழுதிய நோய்க்குக் கோடு கிடையாது, கண்ட அறிகுறிக்கு மட்டும்தான் உண்டு. புதிதாகச் சேரும் பிள்ளைகள் தவறிப்போய் சந்தேகத்தை நோயாக்கிவிட்டால், “உறுதியாகாத வியாதிய ஒருத்தர் தலையில கட்டக்கூடாதும்மா” என்று திருத்துவது அவள்தான். அலுவலகத்துக்கு அது நல்ல சட்டம். அதை அவள் வீட்டுக்கும் எடுத்து வந்ததுதான் வினை.

போன ஜூலையில் மகள் தேவதர்ஷினியின் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் நடந்தது. குழந்தைக்கு அப்போது மூன்றரை வயது. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்த டாக்டர் எடுக்கவே இல்லையாம். “ரொம்ப நேரம் வச்சிருந்தாங்கம்மா, ஜில்லுன்னு இருந்துச்சு” என்றாள் குழந்தை. கையில் ஒரு சீட்டு. இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது, கீழறைகளுக்கு நடுவே ஓட்டை இருக்கலாம், எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும் என்பதை அந்த டாக்டர் மூன்றே வரியில் எழுதியிருந்தார். ஓட்டைக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி.

அறிவுமதி சீட்டை வாங்கிப் படித்தாள். பிறவி இதயக் கோளாறுகளின் கோடுகள் அவளுக்குத் தூக்கத்திலும் வரும். ஒவ்வொரு கோடுக்கும் பின்னால் என்னென்ன காத்திருக்கும் என்று நூற்றுக்கணக்கான குழந்தைகளின் குறிப்புகளில் படித்தவள். அந்தக் கேள்விக்குறியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சந்தேகம்தானே. எக்கோ எடுக்காதவரை இது வெறும் சத்தம்.

கணவன் சிவசங்கர் துவாக்குடியில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். சாயந்திரம் வந்தவனிடம், “நெஞ்சுல லேசா சத்தம் கேக்குதாம். சின்னப் பசங்களுக்கு சகஜந்தாங்க” என்றாள். அது பொய்யும் இல்லை. “நீ பாத்துச் சொன்னா சரி” என்று அவன் குளிக்கப் போய்விட்டான். சீட்டு நாலாக மடிந்து கைப்பைக்குள் போனது.

பிறகு எட்டு மாதம். குழந்தைக்கு மூன்று தடவை சளி பிடித்து நெஞ்சில் கட்டியது. ஊரெல்லாம் சளி என்றாள். சாப்பிடும்போது நெற்றி வியர்த்தது. திருச்சி வெயிலுக்கு வியர்க்காமல் என்ன செய்யும் என்றாள். ரெண்டு தெரு நடந்தால் “தூக்கும்மா” என்றது. செல்லம் என்றாள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் சொல்லி, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் கிட்டவே விடவில்லை. ஞாயிறு மதியம் குழந்தை கார்ட்டூன் பார்க்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து அதன் மூச்சை எண்ணுவாள். எண்ணிக்கை கூடினால் முதலிலிருந்து எண்ணுவாள். வெறும் பயம்தான், வேறு ஒன்றும் இல்லை. படித்தவளுக்கு வரும் பயம் இன்னும் பொல்லாதது, தப்பிக்க அதற்கு ஆயிரம் வழி தெரியும்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தொன்பது வயதுப் பெண்ணின் குறிப்பு அவள் திரைக்கு வந்தது. உதடு நீலம். இதய ஓட்டையை வெகுநாள் அடைக்காமல் விட்டதால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகிப்போய்விட்டன. இனி ஓட்டையை அடைக்கவும் முடியாது. நான்கு வயதில் சத்தம் கேட்டது, பெற்றோர் மறுபடி வரவில்லை என்று பழைய வரலாற்றில் ஒரே ஒரு வரி. அறிவுமதி சரியான கோடை அடித்தாள். அடித்த கை அங்கேயே நின்றுவிட்டது.

அடுத்த நாற்காலியில், போட்ட கோடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டர் தஹ்ஸீன். பத்து வருடப் பழக்கம். “என்ன அறிவு, ஏசியில இப்படி வேக்குது உனக்கு?”

அறிவுமதி கைப்பையைத் திறந்து சீட்டை நீட்டினாள். தஹ்ஸீன் தேதியைப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள்.

“எக்கோ எடுக்கலையா?”

“எடுத்தா எழுதிருவாங்கடி.”

“எழுதலன்னா இல்லன்னு ஆயிருமா? நீ கிளம்பு. நான் டீம் லீடுகிட்ட சொல்லிக்கறேன்.”

மறுநாள் காலை குழந்தைகள் இதய மருத்துவர் ஸ்டீபன்ராஜின் அறை. நெஞ்சில் பசையைத் தடவியதும் தேவதர்ஷினி கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். திரையில் சிவப்பும் நீலமுமாக ரத்தம் இதய அறைகளின் நடுத்தடுப்பைத் தாண்டிப் பாய்ந்தது. சிவசங்கருக்கு ஒன்றும் புரியவில்லை, மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் வாய் திறக்குமுன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“ஓட்டை இருக்கும்மா. ஓரளவு பெருசுதான். நுரையீரல் பிரஷர் ஏற ஆரம்பிச்சிருக்கு. கை மீறல, இந்த மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும். இன்னும் தள்ளிப் போட்டிருந்தா என்னால எதுவும் சொல்லியிருக்க முடியாது.” பேனாவை எடுத்தார். “இதுக்கு முன்னாடி யாராவது சொன்னாங்களா?”

“இல்ல சார், சாதாரண சத்தம்னுதான்...” என்று ஆரம்பித்தான் சிவசங்கர்.

அறிவுமதியின் கை பையின் மேல் இருந்தது. சீட்டைக் காட்டாவிட்டால் எதுவும் நடக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரும் அதற்கு நகல் எடுத்துவைத்திருக்கப் போவதில்லை. புருஷன் நம்புகிறான். ஆனால் ஆபரேஷன் செய்யப்போகிறவருக்கு, எவ்வளவு காலமாக இந்த இதயம் திணறுகிறது என்று தெரிந்தாக வேண்டும். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்காவது அந்த ஒரு வரி இருந்தது.

பையைத் திறந்தாள். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த சீட்டை மேஜையில் விரித்து வைத்தாள். சிவசங்கர் குனிந்து படித்தான். இரண்டு முறை படித்தான். பிறகு எழுந்து போய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இவளுக்கு முதுகு காட்டி நின்றான்.

டாக்டர் அவனையும் அவளையும் பார்த்தார். “முன்னாடியே சத்தம் கேட்டிருக்குன்னு மட்டும் போட்டுக்கறேம்மா. அது போதும்.”

“தேதி போடுங்க சார்” என்றாள். “மூணு தடவ நெஞ்சுச்சளி வந்ததையும் போடுங்க. சாப்பிடும்போது வேர்க்கும். நடந்தா மூச்சு வாங்கும். அம்மாவுக்குத் தெரியும், தெரிஞ்சே கூட்டிட்டு வரலன்னும் போடுங்க.”

பெற்றோரின் அந்த அலட்சியத்துக்கும் ஒரு கோடு உண்டு. பிறர் வீட்டுக் குழந்தைகளுக்கு எத்தனையோ முறை அவளே போட்டிருக்கிறாள்.

டாக்டர் எழுத ஆரம்பித்தார். பதினோரு வருடப் பழக்கம், காகிதம் தலைகீழாக இருந்தும் அவள் வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்தாள். ஓட்டை, அதன் அளவு, பிரஷர், எட்டு மாதம், அம்மா. கேள்விக்குறி எங்கேயும் இல்லை.