பாட்டில் வராத வள்ளம்

ஷாமினி ரீச்சருக்குப் படம் கீறத் தெரியாது. நாற்பத்தாறு வயதில், கணினியில் படங்களை அசைய வைக்கும் வித்தையைப் பழக அவள் வெளிக்கிட்டபோது ஆசிரியர் அறையில் சிரிக்காதவர்கள் இரண்டே பேர்தான். அவர்களும் அன்றைக்கு லீவு.

அரியாலையில் ஒரு மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணம் சரிவரவில்லை, அதைப்பற்றி அவள் அதிகம் அலட்டிக்கொண்டதுமில்லை. இருபத்திரண்டு வருடமாகக் காலையில் பஸ் ஏறி, பருத்தித்துறைக் கடற்கரையோரத்தில் இருக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தமிழிலக்கியம் படிப்பிக்கிறாள். பத்தாம் வகுப்பில் அது விரும்பினால் எடுக்கிற பாடம். விரும்புகிறவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்து இப்போது பதினொரு பேர். அதிலும் பாதிப்பேர் மற்றப் பாடங்களில் இடம் கிடைக்காமல் வந்து ஒதுங்கியவர்கள்.

அதிபர் ஜெபரட்ணம் ஒருநாள் கூப்பிட்டு விஷயத்தைப் போட்டுடைத்தார்.

"ரீச்சர், குறை நினையாதேங்கோ. இந்த வருசச் சோதினையிலை பாதிப்பேராவது பாஸ் பண்ணாட்டி இலக்கிய வகுப்பை மூடத்தான் வேணும். பிள்ளையளை வேறை பாடத்துக்கு மாத்திப்போடுவம்."

அவருக்கு அது நேரசூசி அட்டவணையில் ஒரு கட்டம். அவளுக்கோ, தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் இருந்தது அந்த வகுப்பு ஒன்றுதான்.

பாட்டைப் படமாகக் காட்டினாலாவது பிள்ளைகள் படிப்பார்கள் என்று, கல்வி அலுவலகம் நடத்திய ஐந்து நாள் கணினிப் பயிற்சிக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கினாள். பஸ்ஸில் இருந்தபடியே கைபேசியில் பாடம் பார்த்தாள். படத்தில் ஒரு பெண் கையைத் தூக்குவதற்கு எத்தனை படம் கீறவேண்டும் என்பது கீறிப்பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் தடவை அந்தக் கை தோளை விட்டுக் கழன்று தனியாகப் பறந்தது. ஷாமினி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அழுதாள்.

சோதனைக்குக் கட்டாயமான பாட்டைத்தான் படமாக்கினாள். எட்டே வரி. கடலுக்குப் போன கணவனுக்காக ஒருத்தி விளக்கோடு கரையில் நிற்கிறாள். எண்ணெய் தீர்கிறது. விடிகிறது. வள்ளம் வரவில்லை. பாட்டு அவ்வளவுதான்.

படம் முடியும் தறுவாயில் இருந்தபோது வகுப்பில் அந்தக் கடைசி வரியைப் படிப்பித்தாள். முன்வாங்கில் இருந்த தனுசியா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய தகப்பன் நாலு வருடத்துக்கு முன் மீன்பிடிக்கப் போனவர். ஆளும் வரவில்லை, வள்ளமும் வரவில்லை. உடல் கிடைக்காததால் செத்தவீடு செய்யவில்லை. தாய் இன்னும் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள். குனிந்த அந்தத் தலையைப் பார்த்த ஷாமினிக்கு மனம் பொறுக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் படத்தின் கடைசியில் ஒரு வள்ளத்தைக் கீறிச் சேர்த்தாள். அடுத்தவருடைய பாட்டில் கைவைப்பது பாவம் என்று இலக்கிய ரீச்சருக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டுதான் செய்தாள்.

படம் போட்ட அன்று வகுப்பு அல்லோலகல்லோலப்பட்டது. எப்போதும் மேசையில் தலைவைத்துத் தூங்கும் டிலக்ஷன் எழும்பி நின்று விசிலடித்தான்.

"ரீச்சர், வள்ளம் வாறதைத் திருப்பிப் போடுங்கோ!"

மூன்று தரம் போட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவளுடைய வகுப்பில் யாரும் எதையும் திருப்பிக் கேட்டதில்லை. பாவம், அந்தச் சந்தோசத்தில் திக்குமுக்காடிப் போனாள். வள்ளம் பாட்டில் இல்லை, நான் சேர்த்தது என்று சொல்ல வாயெடுத்தாள். தனுசியா கண்வெட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று ஷாமினி விட்டுவிட்டாள். படத்தை மட்டும் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். அடுத்த நாள் தொடங்கிய மழை வெள்ளத்தில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். குழுவில் எழுதிவிடலாம் என்று எடுத்த கைபேசியை, தனுசியாவின் முகம் நினைவுக்கு வர, ஷாமினி திரும்பவும் வைத்துவிட்டாள். திறந்த அன்றைக்கே சோதனை.

விடைத்தாள்களைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் திருத்துவது வழக்கம். திரும்பி வந்த தாள்கட்டை ஷாமினி நின்றபடியே பிரித்தாள். பாட்டின் முடிவிலுள்ள சோகத்தை விளக்கச் சொன்ன கேள்விக்கு நூற்றுக்கு நாற்பது புள்ளி. "சோகம் ஒன்றும் இல்லை, வள்ளம் வந்துவிட்டது" என்று டிலக்ஷன் எழுதியிருந்தான். அவன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தான். பத்துப் பேர் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். ஒருவரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. கைபேசியில் படத்தைப் பார்த்தே படித்திருக்கிறார்கள். பத்துப் பேரும் பெயில். தனுசியா மட்டும் பாட்டில் உள்ளபடி எழுதித் தேறியிருந்தாள்.

அதிபர் கோபப்படவில்லை. அதுதான் ஷாமினிக்கு இன்னும் வலித்தது. தை மாதத்திலிருந்து இலக்கியம் கிடையாது என்று அறிவித்தல் பலகையில் ஒட்டினார்கள்.

அன்று பின்னேரம் தனுசியாவைக் கூப்பிட்டாள்.

"பிள்ளை, நீர் படத்தைப் பாக்கேல்லையோ?"

"பாத்தனான் ரீச்சர். கனதரம் பாத்தனான்."

"பிறகேன் வள்ளம் வந்ததெண்டு எழுதேல்லை?"

"வராது ரீச்சர். எனக்குத் தெரியும்." தனுசியா புத்தகப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "படத்தை அம்மாவுக்கும் காட்டினனான். போன வருசம்தான் அவ கரைக்குப் போறதை விட்டவ. படத்தைப் பாத்தாப்பிறகு திருப்பியும் ஒவ்வொருநாளும் போய் நிக்கிறா. நான் சொன்னாக் கேக்கிறா இல்லை."

அவள் போனபிறகு ஷாமினி கைபேசியை எடுத்து, குழுவிலிருந்து படத்தை அழிக்கப் பார்த்தாள். அனுப்பி நாள் கடந்திருந்தது. தன்னுடைய கைபேசியில் மட்டும்தான் அதை அழிக்க முடிந்தது.