விடியற்காலத்து லத்தீன்

செத்துப்போன மொழிகளையும் சாகாத தெய்வங்களையும் ஒன்றாகப் படிக்கிறவனுக்கு, உயிரோடிருக்கும் மனிதருக்குப் பதில் சொல்வதுதான் பெரிய பரீட்சை. என்னோடு அதே வகுப்பு வாங்கில் இருந்து பதில் தெரியாமல் முழித்தவர்களே, உங்களுக்கும் இப்படித்தானே?

சேர்ந்த நாள்

எங்கள் வீட்டில் எனக்கு முன் எவரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. என் தகப்பனார் அப்பு யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்பவர். லத்தீன் படித்தவர்களே சிவில் சேவைக்குப் போகிறார்கள் என்று அரசாங்கக் கச்சேரியில் யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொஞ்சம் லத்தீன் கிடைத்திருந்தது. ஆகவே படிவத்தில் லத்தீன், கிரேக்கம், சமய வரலாறு என்று எழுதிக் கொடுத்தேன்.

கல்லூரிக் கிளாக்கர் என் திருநீற்றையும் படிவத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "தம்பி, நெத்தி ஒண்டு சொல்லுது, கை வேறொண்டு எழுதியிருக்கு. ரெண்டும் கலந்து பேசினதோ?"

இராசம்மாக்காவின் போடிங்

தலைநகரின் வெள்ளவத்தையில் இராசம்மாக்கா நடத்திய சைவ மாணவர் விடுதியில், அதாவது போடிங்கில், இருந்தேன். லத்தீன் சொற்களின் வேற்றுமைகளை உரக்கச் சொல்லாமல் என் மண்டையில் ஏறாது. விடிய ஐந்து மணிக்கு எழும்பிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அந்த ஓசையை அக்கா அதற்கு முன் கேட்டிருந்தது மாதா கோயில் வாசலில் மட்டும்தான்.

ஒருநாள் தேத்தண்ணி தரும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, உம்மட பூசையைக் கொஞ்சம் மெதுவாச் செய்யும். பக்கத்து அறையில சைவப் பிள்ளையள் படுத்திருக்கினம்."

பேராசிரியரின் கேள்வி

கிரேக்கர் பலியிடும் முறையை விளக்கிய வெள்ளைக்காரப் பேராசிரியர், எங்கள் கோயிலில் ஐயர் சொல்லும் மந்திரத்தின் கருத்து என்ன என்று கேட்டார். பிறந்ததிலிருந்து கேட்ட மந்திரம். தெரியாது என்று உண்மையைச் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. ஆங்கிலத்தில் மிகவும் கனிவாகச் சொன்னார்: "கவலைப்படாதீர்கள். உங்கள் சமயத்தைப் பற்றிய என் குறிப்புகளை இரவல் தருகிறேன்."

கொட்டாஞ்சேனை

ஞாயிற்றுக்கிழமைகளில் நகரின் மறுகோடியில், துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கும் கொட்டாஞ்சேனைக்குப் போவேன். துறைமுகத்தில் வேலைசெய்து வயதாகி இளைப்பாறிய அந்தோனி அண்ணர், மாதா கோயிலில் இளமையிலிருந்து லத்தீனில் பாடி வந்தவர். தான் பாடுவதன் கருத்தைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். சொல் சொல்லாகப் பிரித்து எழுதிக் கொடுத்தேன். என் படிப்பு ஒருவருக்காவது உதவியதே என்று மகிழ்ந்தேன்.

மூன்றாம் ஞாயிறு அவர் முகம் வாடியிருந்தது. "அம்பது வருஷமா விளங்காமப் பாடினன், கண்ணீர் வந்திச்சு. இப்ப விளங்குது தம்பி, வருதில்ல. நீர் என்ன செஞ்சனீர்?"

அப்பு வந்தார்

நான் ஞாயிறுதோறும் கொட்டாஞ்சேனைக்குப் போவதை அறிந்த இராசம்மாக்கா, பிள்ளை கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டான் என்று ஊருக்குக் கடிதம் போட்டுவிட்டார். அப்பு மெயில் ரயிலில் வந்து இறங்கினார். கட்டிலில் இருந்தபடி, "பெட்டியைக் கட்டு" என்றார்.

"நான் மாறேல்லை, அப்பு."

"அப்ப சாமி கும்பிடுறனியோ?"

ஓம், கும்பிடுறன் என்று மட்டும் சொன்னால் போதும், படிப்பு தப்பிவிடும். வாய் வரவில்லை. "கும்பிடுறன். ஆனா ஏனெண்டுதான் இப்ப விளங்குதில்லை."

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த லத்தீன் புத்தகத்தைக் காட்டி, "உதில என்ன கிடக்கு? வாசி" என்றார்.

பழைய ரோமாபுரியில் ஒருவர் உழவைப் பற்றி எழுதியது. பயற்றஞ்செடியைப் போன்ற ஒன்றை விதைத்து, காய்க்கமுன் மண்ணுக்குள் உழுதுவிடச் சொல்கிறார் என்று கருத்துச் சொன்னேன். அப்பு நிமிர்ந்து இருந்தார்.

"நாங்களும் இலை குழையை மண்ணுக்குள்ள தாட்டுத்தானே நடுறம்! பேந்து என்ன சொல்லுறார்?"

புறா எருவைப் பற்றி வாசித்தேன்.

"புறா எருவோ? அது சூடு. புகையிலைக் கண்டு கருகிப்போம். அந்த ஆளுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேள்."

"அவர் செத்து ரெண்டாயிரம் வருஷமாகுது, அப்பு."

"கோதாரி! அப்ப மிச்சத்தையும் வாசி."

பெட்டி கட்டப்படவில்லை. புறப்படும்போது வாசலில் நின்ற இராசம்மாக்காவிடம் அப்பு சொன்னார்: "பயப்படாதை பிள்ளை. அவன் ஒண்டுக்கும் மாறேல்லை. இவ்வளவு தூரம் வந்து எங்கட தோட்ட வேலையைத்தான் படிக்கிறான்."

இப்படியாக நான் கல்லூரியில் சைவன், கொட்டாஞ்சேனையில் அரைப் பாதிரி, வெள்ளவத்தையில் தோட்டம் செய்யும் கமக்காரன்; இதில் எது நான் என்பது மட்டும் கடைசிப் பரீட்சை வரை எந்த வினாத்தாளிலும் வரவில்லை.