பதினாறு மூச்சு

ஒல்லாந்தர் கோட்டையில் இருந்த காலம் அது. பழவேற்காட்டு முகத்துவாரத்தில் எங்கள் படகின் நங்கூரக் கயிறு அறுந்தது. அலை உடையும் இடத்துக்குப் பதினாறு பாகம். கைகளை விரித்த நீளம் ஒரு பாகம். முதல் மூச்சுக்குள் படகு ஒரு பாகம்தான் நகர்ந்தது.

“வலைய வுட்டுட்டு குதிச்சிடலாம் மாமா” என்றான் என் பெண்சாதியின் தம்பி.

“இன்னும் பதினஞ்சு மூச்சு கீதுடா, இழு” என்றேன். நீரோட்டம் ஒரே சீராக இருக்கும் ஏரிக்குள் அப்படித்தான் கணக்கிடுவோம்.

அடுத்த மூச்சில் மூன்று பாகம். பிறகு ஐந்து, ஏழு. நான்காம் மூச்சிலேயே அலை கவிழ்த்தது. நான் மட்டும் கரை ஒதுங்கினேன்.

மூச்சுக்கு மூச்சு வேகம் ஒரே அளவாகக் கூடியதைப் பிறகு மணலில் கோடு போட்டுத்தான் புரிந்துகொண்டேன்.

“குதிக்க நேரமே இல்லியா?” என்று பெண்சாதி கேட்கும்போதெல்லாம் “இல்ல” என்றே சொல்கிறேன்.