ரிவர்ஸில் ஏறிய மலை

இருபத்திரண்டு வருடமாகப் பள்ளி நடத்தி ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளை எல்லோரும் கிளச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ‘கிளட்ச்ச மிதி, கிளட்ச்ச மிதி’ என்று அவள் கத்துகிற கத்தல் அடுத்த தெரு வரை கேட்கும். அப்படித் தொண்டை வற்ற உழைத்து வளர்த்த பள்ளியை ஊர் என்ன சொல்லும்? ‘அண்ணன் வச்சுக் குடுத்தது.’ அவள் கட்டிய வீடு? அதுவும் அண்ணன் கட்டிக்கொடுத்ததாம். அண்ணன் நல்ல மனிதர்தான். பழுதான வண்டிகளை ஏற்றிவரும் லாரி வைத்திருக்கிறார். ஆனால் யார் அப்படிச் சொன்னாலும் மறுத்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், அறுபது வருடப் பழைய கார் ஒன்றை அவள் ஆசைப்பட்டு வாங்கினாள். கூப்பிடாமலேயே அண்ணன் லாரியோடு அங்கே வந்து நின்றார்.

“ஏத்திடலாம்மா. கெழட்டு வண்டி, நடுவழியில படுத்துக்கும்.”

“உங்க லாரியில வந்தா இதுவும் நீங்க வாங்கிக் குடுத்ததா ஆயிடும். நான் ஓட்டிட்டுத்தான் வருவேன்.”

வீறாப்பாகச் சொல்லிவிட்டுப் போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பார்த்தால் எதிரே ஸ்டியரிங்கைக் காணோம். பழக்கதோஷம்! ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து இருக்கையிலேயே காலத்தைக் கழித்தவள், அங்கேயே போய் உட்கார்ந்துவிட்டாள். காரை விற்றவர் வீட்டில் சின்னது பெரிசு எல்லாம் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இறங்கிச் சுற்றிவந்து ஏறினாள். எப்போடா படுக்கும் என்று பார்த்தபடி அண்ணன் காலி லாரியோடு பின்னாலேயே வந்தார்.

ஐந்நூற்றெண்பது கிலோமீட்டர் வரை வண்டி ஒரு குறையும் சொல்லவில்லை. ஊருக்கு முந்தைய மலையடியில்தான் வந்தது வினை. முதல் கியரைப் போட்டால் நிற்காமல் தெறித்து வெளியே வந்தது. இரண்டாவது கியரில் அந்த ஏற்றம் ஏற முடியாமல் எஞ்சின் அணைந்தது. மூன்று தடவை முயன்றாள், மூன்று தடவையும் அதே கதை. அண்ணன் சங்கிலியோடு இறங்கினார்.

“தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?”

“சங்கிலிய உள்ள வைங்கண்ணே.”

“ஃபர்ஸ்ட் கியரே இல்ல. எப்படி ஏறுவ?”

“ரிவர்ஸ் இருக்கே.”

ரிவர்ஸுக்கு இழுவை அதிகம் என்பது லாரிக்காரருக்குத் தெரியாதா என்ன? ஆனால் நான்கு கிலோமீட்டர் மலைப்பாதையைப் பின்பக்கமாக எவன் ஏறுவான்? ரிவர்ஸ் என்றாலே கை நடுங்கியவர்களில் ஆயிரம் பேரைத் தேற்றிவிட்டவள் ஏறுவாள். காரைத் திருப்பி நிறுத்தி, கழுத்தைப் பின்னால் வளைத்து, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு ஏறினாள். பின்தொடர்ந்த அண்ணன், தங்கையின் கார் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு லாரியை உருட்டினார்.

எதிரே வந்த பஸ்ஸிலிருந்து ஒருவன் தலையை நீட்டினான். “அக்கா, ஊருக்குப் போறீங்களா, ஊர்லேர்ந்து வர்றீங்களா?”

“தலைய உள்ள இழுடா மொதல்ல” என்றாள். கழுத்து விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் உச்சி வரை ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. அங்கே காரை நேராகத் திருப்பி, இரண்டாவது கியரிலேயே இறங்கி ஊர் சேர்ந்தாள்.

வீட்டு வாசலில் கார் நின்றதும் எதிர்வீட்டுக்காரர் அவளைத் தாண்டி லாரிப் பக்கம் போனார்.

“என்னப்பா, தங்கச்சிக்குக் காரு கொண்டாந்துட்ட போல?”

அண்ணன் லாரியிலிருந்து இறங்கினார்.

“நான் எங்க கொண்டாந்தேன்? அவளே வாங்குனா, அவளே ஓட்டிட்டு வந்தா. நான் சும்மா பின்னால வந்தேன்.”

கிளச்சக்கா கழுத்தைத் தேய்த்துக்கொண்டே காரைவிட்டு இறங்கினாள்.

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்கண்ணே. மாடியில இருக்கிறவங்களுக்குக் கேக்கல.”